மகளின் முகப்பருவுக்கு மெடிக்கலில் கொடுத்த களிம்பு: இப்போது என்ன செய்வது?

மாட்டுங்கா அம்மா (ஜூன் 14, இரவு 10.40)

எல்லோருக்கும் வணக்கம். மும்பைத் தமிழர்கள் பலர் இங்கே இருப்பதால் தயங்காமல் எழுதுகிறேன். என் மூத்த மகளுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பதினான்கு வயதில் நெற்றியில் பொரிப்பொரியாகத் தொடங்கிய பரு, பதினாறு வயதில் கன்னத்துக்கும் தாடைக்கும் இறங்கியது. பருவத்தில் வருவதுதான், தானாகப் போய்விடும் என்று என் மாமியார் சொன்னார். நானும் அப்படியே நம்பினேன். கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், வேப்பிலை, சந்தனம் என்று ஒன்று விடாமல் பூசினோம். எலுமிச்சைச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போய்வந்த அன்று கன்னம் கறுத்துத் தோல் உரிந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு அருகிலுள்ள மெடிக்கலில் கேட்டபோது ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் துடைத்துவைத்த வெண்கலப் பாத்திரம்போல் ஆனது; நிறமும் கூடியது. நிறுத்திய ஒரு வாரத்தில் பரு முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்ததால் மறுபடியும் அதையே வாங்கினோம். இப்படியே இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது அடுப்பருகே நின்றாலே கன்னம் தீப்பட்டதுபோல் எரிகிறது என்கிறாள். கன்னத்தில் நூல் நூலாகச் சிவந்த நரம்புகள் தெரிகின்றன, பூனைமுடி அடர்ந்துவிட்டது, எல்லாம் ஒரே அளவில் சின்னச் சின்னப் பருக்களாக நிறைந்திருக்கின்றன. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு லோக்கல் ரயிலில் போய்வந்த பிள்ளை, ஒரு வாரமாகக் கல்லூரிக்கே போகவில்லை. பரு ஏன்தான் வருகிறது, இந்த நிலையில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சயான் மருந்தாளுநர் (ஜூன் 14, இரவு 11.25)

அக்கா, அந்த ட்யூபின் பெயரை விட்டுவிடுங்கள். அதன் அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் மருந்துச் சேர்மானம் அச்சிட்டிருக்கும். அதைப் படித்து இங்கே எழுதுங்கள். க்ளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டாசோன், ஃப்ளூசினோலோன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு களிம்பு. பெட்டியில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்பதற்கு அடையாளம் அது.

மாட்டுங்கா அம்மா (ஜூன் 15, காலை 7.10)

பார்த்தேன் தம்பி. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன் என்று மூன்று பெயர்கள் இருக்கின்றன. சிவப்புக் கோடும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் எத்தனை ட்யூப் வாங்கியிருப்போம் என்று எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்குகிறது.

சயான் மருந்தாளுநர் (ஜூன் 15, காலை 8.30)

நான் ஐயப்பட்டது இதைத்தான். முகத்தில் படரும் மங்குக்கு, மருத்துவரின் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்கப்படும் சேர்மானம் இது, பருவுக்கு உரியதன்று. பதினோரு ஆண்டுகளாகக் கல்லாவில் நிற்கிறேன். வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கிய, பெயர்கூட அழிந்துபோன காலி ட்யூபை உள்ளங்கையில் மறைத்துக் கொண்டுவந்து, "இதே வேண்டும்" என்று நீட்டுகிறவர்களைக் காணாத வாரம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பலித்தது, அக்காவுக்குப் பலித்தது என்பார்கள். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டியவை என்று விதியை இறுக்கியது. இருந்தும் சீட்டுக் கேட்காமல் விற்கும் கடைகள் இருக்கின்றன. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்த தவறு இது; அதற்காக உங்கள் மகளிடம் நான் வருத்தம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

செம்பூர் தோல் மருத்துவர் (ஜூன் 15, இரவு 9.50)

அம்மா, மகளின் முகம் தேறும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் பத்து நாளில் தேறாது, மாதக்கணக்கில் ஆகும். பத்து நாளில் தேறியதுபோல் காட்டியதுதான் அந்தக் களிம்பு செய்த தீங்கு.

பரு எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். முகத்தில் உள்ள ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. பூப்படையும் வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள், ஆண் பெண் இருபாலரிடமும், அந்தச் சுரப்பியைப் பெருக்கச் செய்து எண்ணெய்ப் பசையைக் கூட்டுகின்றன. மயிர்க்குழியின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்கள் வழக்கமாக அந்த எண்ணெயோடு ஒவ்வொன்றாக வெளியேறிவிடும். பரு வரும் இயல்புள்ளவர்களுக்கு அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. இந்த அடைப்பு தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாது. இன்று கன்னத்தில் சிவந்து நிற்கும் பரு சில வாரங்களுக்கு முன்பே உள்ளே தொடங்கிவிட்டது. நேற்று தின்ற வடைமேல் பழி போடும்முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அடைப்பின் வாய் திறந்திருந்தால் ப்ளாக்ஹெட், மூடியிருந்தால் வைட்ஹெட். ப்ளாக்ஹெட்டின் கறுப்பு அழுக்கு அன்று. தோலின் நிறமியான மெலனினும் காற்றுப்பட்டு மாறிய கொழுப்பும்தான் அப்படித் தெரிகின்றன. அதனால்தான் நார் போட்டுத் தேய்த்தாலும் சொரசொரப்பான ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தாலும் அது போவதில்லை, தோல்தான் புண்ணாகிறது. அடைபட்ட எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் பாக்டீரியா பெருகுகிறது. இது எல்லோருடைய தோலிலும் குடியிருப்பதுதான்; பரு தொற்றுநோய் அன்று. உடலின் எதிர்ப்பாற்றல் இதோடு மோதும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் உண்டாகின்றன. மயிர்க்குழியின் சுவர் ஆழத்தில் உடைந்தால் கெட்டியான கட்டி. அது ஆறும்போது பள்ளத் தழும்பு. பெற்றோருக்குப் பரு இருந்திருந்தால் பிள்ளைகளுக்குக் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், மகள் முகம் சரியாகக் கழுவவில்லை என்று யாரும் அவளைக் குறை சொல்ல வேண்டாம்.

ஸ்டீராய்டு அடைப்பைத் திறப்பதில்லை. வீக்கத்தை மட்டும் அடக்குகிறது. அதனால் முதல் வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிறது. தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, அடியிலுள்ள நுண் இரத்தக் குழாய்கள் விரிந்து, முடி வளர்ந்து, ஒரே அளவிலான ஸ்டீராய்டுப் பருக்கள் கிளம்புகின்றன. நிறுத்தியதும் அடக்கிவைத்த வீக்கம் முழுவதும் திரும்பி எழுவதால், மருந்தை விட்டதால்தான் கெட்டது என்று தோன்றுகிறது. நீங்கள் எழுதிய ஒவ்வோர் அறிகுறியும் இதற்குப் பொருந்துகிறது. ஆனாலும் நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்லக் கூடாது.

இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள். செலவைப் பற்றித் தயக்கம் இருந்தால், சயானில் உள்ள லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையிலோ பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையிலோ தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ட்யூபையும் பெட்டியோடு கொண்டுபோங்கள். ஸ்டீராய்டை எப்படி விடுவது, இடையில் வீரியம் குறைந்த ஒன்று தேவையா, எரிச்சல் அடங்க டாக்ரோலிமஸ் போன்ற களிம்பா அல்லது வாய்வழி ஆன்டிபயாடிக்கான டாக்சிசைக்ளினா என்பதைப் பார்ப்பவர் தீர்மானிப்பார். அதுவரை மணமில்லாத மென்மையான ஃபேஸ்வாஷ், சாதாரண மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் ஆகிய மூன்றையும் தவிர வேறு எதுவும் முகத்தில் படக் கூடாது. மஞ்சளும் வேண்டாம்.

டோம்பிவிலி பெரியவர் (ஜூன் 16, காலை 6.15)

மருத்துவர் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் நம் முன்னோர் சொன்ன உடல் சூட்டை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியுமா? மாம்பழக் காலத்தில் முகத்தில் கட்டி வருவதை எழுபது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி, ஆண்களுக்குப் புதன் சனி என்று எண்ணெய் தேய்த்துக் குளித்த காலத்தில் இத்தனை பரு இல்லை. வயிறு சுத்தமாக இருந்தால் முகம் சுத்தமாக இருக்கும். பொரித்ததையும் இனிப்பையும் நிறுத்திப் பார்க்கட்டும்.

செம்பூர் தோல் மருத்துவர் (ஜூன் 16, இரவு 9.20)

ஐயா, நீங்கள் சொன்னதில் ஒரு பகுதியை நான் ஏற்கிறேன். இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுகளான மைதா பிஸ்கட், இனிப்புப் பானங்கள், வெள்ளைச் சர்க்கரை போன்றவை இன்சுலினையும் அதோடு தொடர்புள்ள வளர்ச்சிக் காரணிகளையும் கூட்டி, அவற்றின் வழியாக எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுகின்றன. பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் பழைய உணவுமுறையிலேயே வாழும் மக்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவருக்கும் பரு இல்லை என்று கண்டார்கள். மரபும் மற்ற வாழ்க்கைமுறையும் அதில் கலந்திருப்பதால் உணவு ஒன்றே காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லோருக்கும் அப்படி இல்லை. சர்க்கரையைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் தழும்பு விழும் அளவுக்குப் பரு உள்ள பிள்ளையைப் பத்தியத்தில் மட்டும் வைத்து ஓராண்டை இழக்கக் கூடாது. வயிற்றைக் கழுவினால் பரு போகும் என்பதற்கோ மலச்சிக்கலால் பரு வருகிறது என்பதற்கோ ஆதாரம் இல்லை.

வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளித்து, நன்றாக அலசிவிட்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை. நாள்தோறும் தலையில் தேங்காய் எண்ணெயைத் தடவிப் பின்னிக்கொண்டு, அது நெற்றியில் வழிய அப்படியே படுத்து எழுவதுதான் தொல்லை. மயிர்க்கோட்டை ஒட்டி நெற்றியிலும் கன்னப்பொறியிலும் நெருக்கமாகப் பொரிப்பொரியாக வரும் இந்த வகைக்கு மருத்துவத்தில் தனிப்பெயரே உண்டு, பொமேட் ஆக்னே. ஈரப்பதம் மிகுந்த மும்பையில் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து நிற்பதால் இதை நான் அதிகமாகவே பார்க்கிறேன்.

மாட்டுங்கா அம்மா (ஜூன் 16, இரவு 10.05)

டாக்டர், படித்ததும் திகைத்துப்போனேன். பதினான்கு வயதில் அவளுக்கு முடி உதிர்கிறது என்று நான்தான் தினமும் இரவு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டேன். தலையணை உறையில் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருக்கும். முதல் பரு வந்தது நெற்றியில்தான். வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போகிறோம்.

தாராவி லேத் பட்டறை (ஜூன் 17, மதியம் 2.30)

எனக்கு முகத்தில் இல்லை. முன்கையிலும் தொடையிலும் கறுப்பு முனையோடு கட்டிகள் வருகின்றன. லேத்தில் கட்டிங் ஆயில் தெறித்துப் பேன்ட் நாள் முழுவதும் நனைந்தே இருக்கும். இதுவும் பருதானா? இன்னொன்று, என் தம்பிக்குக் காசநோய் மருந்து தொடங்கியபின் முகம் முழுவதும் பரு. மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறான்.

செம்பூர் தோல் மருத்துவர் (ஜூன் 17, இரவு 8.45)

உங்களுக்கு வந்திருப்பது இயந்திர எண்ணெய் மயிர்க்கால்களை அடைப்பதால் வருவதாகவே தோன்றுகிறது. எண்ணெய் ஊறாத ஏப்ரன் கட்டுங்கள். நனைந்த பேன்ட்டை மறுநாளும் போடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள். தம்பி காசநோய் மருந்தை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. அதிலுள்ள ஐசோனியாசிட் சிலருக்குப் பருவை உண்டாக்கும். மருந்து கொடுக்கும் மையத்தில் முகத்தைக் காட்டினால் பருவுக்குத் தனியாக வைத்தியம் செய்வார்கள்.

செம்பூர் ஜிம் தம்பி (ஜூன் 18, இரவு 11.00)

எனக்கு மார்பிலும் முதுகிலும் நெற்றியிலும் ஒரே மாதிரிப் பொரிகள். வியர்த்தால் அரிப்பு தாங்க முடியாது. பரு என்று நினைத்து நானே இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன், அதிகமாகிவிட்டது. பாலிலிருந்து எடுக்கும் வே புரதப் பவுடர் சாப்பிடுகிறேன், ஜிம்மில் பி12 ஊசியும் போட்டுக்கொள்கிறேன்.

செம்பூர் தோல் மருத்துவர் (ஜூன் 19, காலை 7.00)

தம்பி, பரு பொதுவாக இப்படி அரிக்காது. அரிப்பும், ஒரே அளவும், ஆன்டிபயாடிக்கால் கூடியதும் மலசேசியா என்னும் ஈஸ்ட் மயிர்க்கால்களில் பெருகியிருப்பதைக் காட்டக்கூடும். பாக்டீரியாவை மருந்து அடித்துவிட்டதால் ஈஸ்ட்டுக்கு இடம் கிடைத்திருக்கும். அதற்குப் பூஞ்சைக்கான மருந்துதான் வேலை செய்யும். பார்த்து உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள். பவுடரும் பி12 ஊசியும் பருவைத் தூண்டக்கூடியவையே. ஊசி எதற்காகப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். குறைபாடு இல்லாதவருக்கு அது தேவையே இல்லை. அங்கே தசை வளர்க்க வேறு ஏதேனும் ஊசி கொடுக்கிறார்கள் என்றால் அதையும் மறைக்காமல் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முலுண்ட் சகோதரி (ஜூன் 21, மாலை 5.40)

மாட்டுங்கா அக்காவிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன்: மகளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? எனக்கு 22 வயதில் தாடையிலும் கழுத்திலும் ஆழமான கட்டிகளாகவே வரும். தொட்டால் உயிர் போகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் விலக்கு, மோவாயில் தடித்த முடி. மூன்று ஆண்டுகள் களிம்பு களிம்பாக மாற்றியபின்தான் ஒரு மருத்துவர் இந்தக் கேள்வியைக் கேட்டார். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பிசிஓஎஸ், அதாவது ஆண்ட்ரோஜன் கூடி விலக்கு தவறும் சினைப்பைக் கோளாறு என்றார்கள். ஹார்மோன் மாத்திரை எழுதித் தந்தபோது, கல்யாணமாகாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரையா என்று என் அம்மா சீட்டையே கிழிக்கப் போனார். அது ஆண்ட்ரோஜனைக் குறைக்கத்தான் என்று மருத்துவர் அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். அந்த அரை மணி நேரத்தை நான் வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டேன்.

பின்னர் தழும்பு விழத் தொடங்கியதால் ஐசோட்ரெட்டினாயின் கொடுத்தார்கள். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த இந்த மாத்திரை எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடுகிறது. வழக்கமான முழு அளவு, கிலோ ஒன்றுக்கு மொத்தம் 120 முதல் 150 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள எனக்கு 6,000 மில்லிகிராம். தினம் 20 என்றால் பத்து மாதம். உதடு வெடித்தது, மூக்கு உலர்ந்தது, கொழுப்பும் கல்லீரலும் இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கர்ப்பத்தில் இது குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைகளை உண்டாக்கும் என்பதால் தொடங்கும்முன் கர்ப்பப் பரிசோதனை செய்தார்கள்; நிறுத்திய பின்னும் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது என்றார்கள். டாக்சிசைக்ளினோடு சேர்த்து ஒருபோதும் சாப்பிடக் கூடாது என்றும் எழுதித் தந்தார்கள். என் உறவுப் பெண் ஒருத்தி, எனக்குப் பலித்தது என்று என்னிடமே ஒரு அட்டை கேட்டாள். அவளுக்கு அடுத்த மாதம் திருமணம். நான் கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டு ஆறு மாதம் பேசாமல் இருந்தாள்.

சயான் மருந்தாளுநர் (ஜூன் 22, காலை 9.15)

கொடுக்காமல் இருந்தது மிகவும் சரி, சகோதரி. இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். க்ளிண்டாமைசின் என்னும் ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்கள் நிறைய. தனியாகப் போட்டால் பாக்டீரியா அந்த மருந்துக்குப் பழகிவிடும். பாக்டீரியாவைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துப் போடும்போது அந்தத் தொல்லை குறைகிறது. பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுத்துவிடும் என்பதையும் வாங்குகிறவர்களிடம் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். படுக்கப் போகும்போது ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கி உணவுக்குழாயைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

மாட்டுங்கா அம்மா (செப்டம்பர் 28, இரவு 9.30)

மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. உதவிய அனைவருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

மருத்துவமனையில் ட்யூபைப் பார்த்ததும், ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்றே எழுதினார்கள். முதல் மூன்று வாரங்கள் மிகவும் கொடுமையாக இருந்தன. முகம் வீங்கிச் சிவந்து, இரவில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். மறுபடியும் அந்த ட்யூபைக் கொஞ்சமாகத் தடவிக்கொள்ளவா அம்மா என்று ஒருநாள் அழுதுகொண்டே கேட்டாள். நான் அதைக் குப்பையில் எறிந்துவிட்டதைச் சொன்னேன். மாதவிலக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது, பிசிஓஎஸ் இல்லை என்றார்கள். டாக்சிசைக்ளின் மூன்று மாதத்தோடு முடிந்தது. எரிச்சல் அடங்கிய பிறகு, ஏழாவது வாரத்தில் அடைப்பைத் திறக்கும் அடாபலீன் 0.1 சதவீத ஜெல் தொடங்கினார்கள். பருவின்மேல் மட்டும் புள்ளி வைக்காமல், ஒரு பட்டாணி அளவை முகம் முழுவதும் மெல்லப் பரப்ப வேண்டும். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். காலையில் 2.5 சதவீதப் பென்சாயில் பெராக்சைடு. எங்கள் வீட்டு நீலத் துண்டில் அவள் முகம் துடைத்த இடமெல்லாம் இப்போது ஆரஞ்சு நிறத்தில் வெளுத்திருக்கிறது; சயான் தம்பி எழுதியதை நினைத்துக்கொண்டேன்.

புதிதாகப் பரு வருவது பெரிதும் நின்றுவிட்டது. நரம்புச் சிவப்பு முழுவதும் போகவில்லை. பரு இருந்த இடங்களில் பழுப்புக் கறை நிற்கிறது. நம்மைப் போன்ற நிறமுள்ள தோலில் அது மறைய மாதங்கள் ஆகும், சன்ஸ்க்ரீனை விடக் கூடாது என்கிறார்கள். ஆகஸ்டிலிருந்து துப்பட்டா சுற்றாமல் கல்லூரிக்குப் போகிறாள்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி, டாக்டர். என் மகனுக்கு 13 வயது. மூக்கிலும் நெற்றியிலும் ப்ளாக்ஹெட் தொடங்கியிருக்கிறது. இவனுக்கும் காலம் கடத்த நான் விரும்பவில்லை.

செம்பூர் தோல் மருத்துவர் (செப்டம்பர் 29, காலை 6.50)

மகள் தாங்கிக்கொண்ட அந்த மூன்று வாரங்களுக்காக அவளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். மகனையும் அடுத்த முறை கூடவே அழைத்துப்போங்கள். அடைப்பு மட்டும் உள்ள இந்த நிலைக்கு, அவன் வயதில் அடாபலீன் ஒன்றே பெரும்பாலும் போதும், ஆன்டிபயாடிக் தேவைப்படாது. பன்னிரண்டு வாரம் போட்ட பிறகுதான் பலனைப் பார்க்க வேண்டும் என்று அவனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இன்றிரவிலிருந்து தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்க வேண்டாம்.